கடைசி வீட்டுச் சுவரில் மூன்று ஓட்டை

எங்கள் எஸ்டேட்டின் பழைய லைன் வீடுகளைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடப் போகிறார்கள். ஒழுகுகிறது, ஓதம் ஏறுகிறது என்று நாங்கள் காலமெல்லாம் புலம்பிய வீடுகளில் தங்க, பட்டணத்திலிருந்து ஆட்கள் காசு கொடுத்து வருவார்களாம். வரட்டும். அதற்குப் பொறுப்பாக வந்திருக்கும் தம்பி நல்ல பையன்தான். போன மாதம் என் வீட்டைத் தேடி வந்து, "ஏனுங்கம்மா, கடைசி ஊட்டுப் பின்செவுத்துல, தரையோட ஒட்டி மூணு ஓட்டை இருக்குதே, அது எதுக்குங்க? எலி வளையா இருந்தா சிமெண்ட் வெச்சு அடைச்சுரலாமுங்களா?" என்று கேட்டார்.

அடைக்க வேண்டாம் என்றேன்.

"அப்ப அது என்னன்னு ஒரு நாலு வரி எழுதிக் குடுங்க. போர்டு எழுதி மாட்டிரலாம். வர்றவங்க படிப்பாங்க" என்றார்.

உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். நாலு வரியில் அடங்கவில்லை. முழுசாகவே எழுதிவிட்டேன். போர்டுக்கு வேண்டியதை அவரே வெட்டி எடுத்துக்கொள்ளட்டும்.

என் பெயர் பாவாயி. அப்பாவும் அம்மாவும் காப்பி பறிக்க மலையேறியவர்கள். நானும் பறிக்கத்தான் போனேன். ஆனால் செடிக்குள் நுழைந்தால் செவ்வெறும்பு என்னை மட்டும் தேடி வந்து கடிக்கும். உடம்பெல்லாம் தடித்து, பாதி நாள் சொறிந்துகொண்டே நிற்பேன். பறிக்கிற கணக்கு ஏறவில்லை என்று என்னைப் பில்டிங் கேங்குக்கு மாற்றினார்கள். எஸ்டேட்டின் பங்களா, ஆபீஸ், ரைட்டர் குவார்ட்டர்ஸ், லைன் வீடுகள் எல்லாவற்றையும் பராமரிக்கிற கூட்டத்துக்கு அந்தப் பெயர். மகளுக்குப் பதவி உயர்வு என்று அப்பா ஊரெல்லாம் சொன்னார். கையில் கொடுத்தது ஒரு துடைப்பமும் ஒரு சாக்கும்.

எங்களுக்கு முக்கால்வாசி வேலை தண்ணீரோடுதான். ஏற்காட்டில் மழை மேலேயிருந்து மட்டும் வராது. தரைக்கு அடியிலிருந்து ஊறும், சுவருக்குள்ளிருந்து கசியும், சில நாள் மேகமே ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். வந்த தண்ணீரை வெளியே அனுப்பி, வீட்டைக் காய வைத்து, மறுபடி மனிதர் படுத்துத் தூங்குகிற மாதிரி ஆக்கிக் கொடுப்பதுதான் எங்கள் வேலை. துடைத்துவிட்டால் முடிந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

வேலை கற்றுக்கொண்ட வருஷங்களைப் பற்றிச் சொல்ல ஒரு சம்பவம் போதும். பெரிய பங்களாவின் விருந்தாளி அறையில் ஓடு நழுவி, இலவம்பஞ்சு மெத்தைகள் எல்லாம் நனைந்துவிட்டன. மேஸ்திரி அன்றைக்கு அடிவாரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். கேங்கில் இருந்த எல்லாருமே காப்பிக் களத்தில் வளர்ந்தவர்கள். காய வைப்பது என்றால் எங்களுக்குத் தெரிந்தது ஒரே வழிதான். மெத்தைகளை வெயிலில் பரப்பினோம், புரட்டினோம், சாயங்காலம் ஆனதும் காப்பியைக் குவிக்கிற மாதிரியே ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்து, பனி படாமல் தார்ப்பாய் போட்டு இறுக்கி மூடினோம். நல்ல வேலை செய்துவிட்ட திருப்தியோடு வீட்டுக்குப் போனோம். காலையில் மேஸ்திரி வந்து தார்ப்பாயின் ஒரு முனையைத் தூக்கினார். உள்ளேயிருந்து இட்லிச் சட்டியைத் திறந்த மாதிரி ஆவி வந்தது. மெத்தையெல்லாம் கரும்புள்ளி. முகர்ந்து பார்த்துவிட்டு முனையைக் கீழே விட்டார்.

"நல்லாப் பழுத்திருக்குது. எப்ப வறுக்கறதா உத்தேசம்?" என்று கேட்டார்.

அவ்வளவுதான் திட்டு. அன்றைக்கு முழுக்க ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

காளியப்ப மேஸ்திரி சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. ஒல்லியான மனிதர். தலையில் துண்டைக் கட்டினால் வேலை நேரம், அவிழ்த்தால் முடிந்தது. தண்ணீர் புகுந்த வீட்டுக்குப் போனால் எல்லாரையும் வாசலில் நிற்க வைத்துவிட்டு, தான் மட்டும் செருப்பைக் கழற்றி உள்ளே போவார். வெறுங்காலோடு ஈரத் தரையில் ஓர் இடத்தில் நிற்பார், பிறகு இன்னோர் இடத்தில் நிற்பார். எந்தப் பக்கம் காலுக்குக் குளிர்ச்சி அதிகம் என்று பார்க்கிறாராம். பிறகு சுவர் சுவராகப் போய்க் கன்னத்தை வைப்பார். கைக்குக் காய்ப்பு ஏறியிருக்கும், பொய் சொல்லும், கன்னம் பொய் சொல்லாது என்பது அவர் கட்சி. தண்ணீர் எந்த வழியாக வந்தது என்று அவர் சொல்கிற வரைக்கும் யாரும் துடைப்பத்தைத் தொடக் கூடாது. வீட்டுக்காரி கணுக்கால் தண்ணீரில் நின்று தலையில் அடித்துக்கொண்டாலும் அதுதான் சட்டம்.

"வந்த வழி தெரியாமத் தொடைச்சா, நீ தொடைச்சுட்டே இருக்கோணும், அது வந்துட்டே இருக்கும்" என்பார்.

வழி தெரிந்த பிறகு வேலை வேகமாக நடக்கும். தண்ணீரைத் தள்ளி, பெட்டி, பீரோ, கட்டில் கால்களுக்குச் செங்கல் கொடுத்துத் தூக்கி, நனைந்த துணியை உள்ளே கொடி கட்டித் தொங்கவிட்டு, இரும்புச் சட்டியில் காப்பிக் கட்டைத் தணல் போட்டு அறையின் நடுவில் வைப்போம். சுவரை ஒட்டி வைத்தால் மேல்தோல் காய்ந்து உள்ளே ஈரம் அப்படியே நின்றுவிடும். கீழே சேலத்தில் வீடு நனைந்தால் கதவு ஜன்னலைத் திறந்து போட்டுவிட்டுப் போகலாம். இங்கே அப்படிப் போட்டால் மத்தியானத்துக்கு மேல் மேகம் உள்ளே வந்து, காய்ந்ததையும் நனைத்துவிடும். வெயில் ஏறினால் திற, எதிர் மேடு கண்ணுக்கு மறையத் தொடங்கினால் மூடு. இது ஒன்றைக் கற்றுக்கொள்ளவே எனக்கு ஒரு மழைக்காலம் ஆனது.

அவருக்கு ஆகவே ஆகாத காரியம் ஒன்று உண்டு. ஈரச் சுவரின்மேல் வெள்ளையடிப்பது. ஒரு பொங்கலுக்கு, எஸ்டேட் கணக்கு எழுதுகிற ரைட்டர் தன் குவார்ட்டர்ஸை வெள்ளையடித்தே ஆக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். சுவர் இன்னும் காயவில்லை என்று மேஸ்திரி கையைக் கட்டிக்கொண்டார். ரைட்டர் வேறு ஆளை வைத்து அடித்துக்கொண்டார். பொங்கல் அன்று வீடு பளிச்சென்றுதான் இருந்தது. தை முடிவதற்குள் சுண்ணாம்பு அப்பளமாகப் பொரிந்து, ரைட்டர் சாப்பிடுகிற இலையில் விழுந்தது. ரைட்டர் கூப்பிட்டதும் மேஸ்திரி போய்ப் பார்த்தார். சுரண்ட ஆரம்பித்தார்.

இனி அந்த வீட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

மேஸ்திரிக்கும் அவர் சம்சாரம் ருக்குவுக்கும் குழந்தை இல்லை. கல்யாணமாகி வெகு காலம். சேலத்துக்குப் போய் டாக்டரைப் பார்த்தார்கள், கோயில் குளம் போனார்கள். அந்த வருஷம் ருக்கு கேட்டுக்கொண்டதற்காக மேஸ்திரி சபரிமலைக்கு மாலை போட்டார். முதல் தடவை. பிள்ளை வரம் கேட்டுப் போடுகிற மாலை என்று எஸ்டேட்டில் எல்லாருக்கும் தெரியும். வாசலைத் தாண்டி ஒரு தப்பும் உள்ளே வந்துவிடாமல் ருக்கு காவல் இருந்தாள். விரதம் கெடாமல் மலைக்குப் போய் வந்துவிட்டால் நிச்சயம் நடக்கும் என்று நம்பினாள். அவள் முகத்தைப் பார்த்தால் நமக்கும் நம்பத் தோன்றும்.

அவரோடு கேங்கில் இருந்த ஆண்கள் எல்லாரும் மாலை போட்டுவிட்டார்கள். கீழ் லைனில் வீட்டுக்கு ஒரு சாமி. கார்த்திகை மாதம் முழுக்க எல்லாரையும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். "சாமி, அந்தச் சாக்கடையத் தோண்டுங்க சாமி" என்று வேலை வாங்கினோம். என் வீட்டுக்காரர் மட்டும் போடவில்லை. சாராயத்தை விட முடியாது என்று சொல்ல வெட்கப்பட்டு, நான் முருகன் கட்சி என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். எங்கள் வீட்டில் விரதம் இல்லாததால்தான் பின்னால் ஒரு நாள் நான் உபயோகப்பட்டேன்.

மழை பிடித்துக்கொண்டது. விடாத மழை. மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. குப்பனூர் பாதையும் அடைந்துவிட்டது. கீழ் லைனின் கடைசி வீட்டில் குப்புராசு என்று ஒருவன். அவன் பெண்டாட்டி மாதம்மாள் நிறைமாதம். பிரசவத்துக்குக் குப்பனூரில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போவதாக இருந்தது. மழையில் அவளை இறக்க முடியாது என்று, மாமியாரை அழைத்து வரக் குப்புராசு இறங்கிப் போனான், போனவன் கீழேயே மாட்டிக்கொண்டான். பிள்ளை அப்பனுக்காகக் காத்திருக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி பேறுகாலம் பார்த்து, பெண் பிள்ளையை எடுத்துக் கொடுத்துவிட்டு, குளித்து முழுகி வீட்டுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குள் யாரும் போகவில்லை. பிறந்த தீட்டு. மாலை போட்டவர்கள் இருக்கும் வீட்டுப் பெண்கள் சோற்றைக் கொண்டுவந்து வாசற்படியில் வைத்துவிட்டு, "மாதம்மா, சோறு வெச்சிருக்குது" என்று குரல் கொடுத்துவிட்டுப் போனார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. மழையிலும் சோறு சூடாகத்தான் வந்தது.

லைன் வீடுகள் மலையை வெட்டி எடுத்த இடத்தில், கல்லும் மண்ணும் வைத்துக் கட்டியவை. ஓதம் வாங்கி நிற்கும் சுவரை நாங்கள் அழுகிறது என்று சொல்வோம். அந்த மழையில் எல்லா வீட்டுப் பின்சுவரும் அழுதது. நாங்கள் வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு கடைசி வீட்டுக்கு வந்தோம். மேஸ்திரி வாசலுக்கு ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டார்.

"பாவாயி, உள்ள எப்பிடி இருக்குதுன்னு பாத்துச் சொல்லு."

உள்ளே போனேன். மாதம்மாள் பாயில் படுத்திருந்தாள். பின்சுவரை ஒட்டித் தூளி கட்டி, பிள்ளை அதில் தூங்கியது. அந்த மூலையைத்தான் அவள் தேர்ந்தெடுத்திருந்தாள், ஏனென்றால் அதுதான் காய்ந்திருந்தது. குப்புராசு போன கோடையில் பாலம் கட்டுகிற இடத்துக்கு வேலைக்குப் போய், மீந்த சிமெண்டைக் கொண்டுவந்து பின்சுவர் முழுக்கப் பூசி, வழவழவென்று தேய்த்திருந்தான். எங்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினான். இனிமேல் என் வீட்டில் சொட்டுத் தண்ணீர் வராது என்றான். சொன்னபடியே சொட்டு வரவில்லை.

"நல்லாக் காஞ்சிருக்குதுங்க சாமி. லைன்லயே இந்த ஊடுதான் தேவலை" என்று வெளியே வந்து சொன்னேன்.

அவர் சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், முகம் சுருங்கியது.

"எல்லா ஊட்டுச் செவுரும் அழுவுது. இது ஏன் அழுவாம இருக்குது?"

"சிமெண்ட் பூசியிருக்குதுங்களே."

"கன்னத்தை வெச்சுப் பாரு. அப்புறம் இந்தக் கழிய நிமுத்தி வெச்சுப் பாரு" என்று ஒரு நேரான மூங்கில் கழியை வாசல் வழியாக நீட்டினார்.

கன்னத்தை வைத்தேன். ஈரமில்லை. ஆனால் குளிர்ச்சி பல்லில் ஏறியது. கழியைச் சுவரில் சாய்க்காமல் நிமிர்த்தி வைத்தேன். மேல் முனையும் ஒட்டவில்லை, கீழ் முனையும் ஒட்டவில்லை. நடுவில் மட்டும் தொட்டுக்கொண்டு, தராசுக் கோல் மாதிரி ஆடியது. சுவர் வயிறு தள்ளி நின்றது. நான் வெளியே வந்து சொன்னதும் மேஸ்திரி வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். நானும் போனேன். பின்சுவருக்கும் மலைக்கும் நடுவில் ஓர் ஆள் நுழைகிற சந்து இருக்க வேண்டும். சந்தைக் காணோம். மேலேயிருந்து சரிந்த மண் ஓட்டுக் கூரைக்குக் கிட்டத்தட்ட வந்து நின்றது. அவர் கைக்கம்பை அதில் குத்தினார். களியில் கரண்டி இறங்குகிற மாதிரி இறங்கியது.

"தண்ணி முட்டீட்டு நிக்குது. போறதுக்கு வழியில்லை. இவன் உள்ள அடைச்சுட்டான்" என்றார்.

மற்ற சுவர்கள் அழுது அழுது தப்பித்துக்கொண்டிருந்தன. இது அழ முடியாமல் மலையை முதுகில் தாங்கிக்கொண்டு நின்றது. மேஸ்திரி பாதி ஆட்களை மேலே அனுப்பி, இறங்கி வருகிற தண்ணீரைத் திருப்பி வாய்க்கால் வெட்டச் சொன்னார். ஏற்கெனவே முட்டி நிற்கும் தண்ணீரை வெளியே விட, சுவரின் அடியில் உள்ளேயிருந்துதான் ஓட்டை போட வேண்டும். அதற்கு முன்னால் தாயையும் பிள்ளையையும் வெளியே கொண்டுவர வேண்டும்.

"எந்திரி கண்ணு, இந்தச் செவுரு ஆகாது. போயிரலாம்" என்று மாதம்மாளிடம் சொன்னேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"எங்கீங்கக்கா போறது?" என்றாள்.

என் வீடு மேட்டுக்கு மேலே இருந்தது, பெற்ற உடம்போடு அவளை அந்தச் சறுக்கலில் ஏற்ற முடியாது. நான் வாசலுக்கு வந்து லைனைப் பார்த்தேன். ஒவ்வொரு கதவிலும் ஒரு பெண் நின்றாள். ஒவ்வொரு பெண்ணுக்குப் பின்னாலும் கறுப்பு வேட்டி தெரிந்தது. வராதே என்று ஒருவரும் சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை.  மேஸ்திரியும் அந்தக் கதவுகளையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுவருக்குக் கன்னத்தைக் கொடுக்கிற மனிதருக்கு இதற்கு ஒரு வழி தெரியாதா என்று நினைத்தேன். ஆனால் ருக்கு எதிர்மேட்டில் கோணிச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்ததையும் கவனித்தேன். யாரைத் திட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

உள்ளே போய் மாதம்மாளை அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். அவள் எழுந்து நின்றாள். அப்போதுதான் அந்தச் சத்தம். பெரிய சத்தமில்லை, தேங்காய் விரிகிற மாதிரி. சிமெண்டில் குறுக்காக ஒரு கோடு விழுந்தது. கோட்டிலிருந்து தண்ணீர் பிய்த்துக்கொண்டு வந்து பாயில் அடித்தது. மாதம்மாளுக்குக் கால் விட்டுவிட்டது. முழுக் கனமும் என்மேல். அவளைப் போட்டுவிட்டுப் பிள்ளையை எடுக்க முடியாது, பிள்ளையை விட்டுவிட்டு அவளை இழுத்துப் போகவும் மனசு வரவில்லை.

"மேஸ்திரி, பிள்ளை தூளியில இருக்குது" என்று சொன்னேன். நான் அலறியதாகத்தான் லைனில் எல்லாரும் சொல்கிறார்கள். சாமி என்று சொல்ல மறந்துபோனது மட்டும் எனக்குத் தெரியும்.

அவர் உள்ளே வந்தார். ஓடி வரவில்லை. எந்த வீட்டுக்குள்ளும் எப்படி நுழைவாரோ அப்படியே, நிலைக்குத் தலையைக் குனிந்து, காலைப் பார்த்து வைத்து வந்தார். தூளியில் கையை விட்டுப் பிள்ளையை எடுத்தார். தோளில் கிடந்த கறுப்புத் துண்டுக்குள் வைத்துக்கொண்டார். மாலையின் மணிகள் பிள்ளையின் தலையில் உரசியதை நான் பார்த்தேன். வெளியே போய் மழையில் நின்றார். பின்னாலேயே நான் மாதம்மாளை இழுத்து வந்தேன்.

 பிள்ளை கத்தியது.

பக்கத்து வீட்டு ஆறுமுகம் எங்கள் கேங்குக்காரன், அவனும் சாமி. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றவன், மேஸ்திரியின் மாரைப் பார்த்தான், பிள்ளையைப் பார்த்தான், தன் வீட்டைத் திரும்பிப் பார்த்தான்.

"எங்க ஊட்டுக்கே கூட்டிட்டுப் போங்க. நாங்க சாமிகளெல்லாம் போயிக் கோயில்ல படுத்துக்கறமுங்க" என்றான்.

இவ்வளவுதான் விஷயம். தீட்டு நகர முடியாவிட்டால் சாமி நகர்ந்துகொள்ளலாம். அத்தனை பேர் அத்தனை நேரம் நின்றும் ஒருத்தருக்கும் இது தோன்றவில்லை, எனக்கும்தான். ஆறுமுகத்தின் சம்சாரம் ஓடிவந்து மேஸ்திரி கையிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள். அவர் வெறும் கையைக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உள்ள வந்தது வந்தாச்சு. கடப்பாரையக் குடு. நீ கழியப் புடி."

அந்த வேலையை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. நான் கழியைச் சுவரோடு நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். கழி அசைந்தால் சுவர் அசைகிறது, சொன்னவுடன் இரண்டு பேரும் ஓடிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. அவர் தரைக்கு நாலு விரல் மேலே சிமெண்டை உளியால் மெல்லக் கொத்தி எடுத்தார். இடிக்கவில்லை, இடித்தால் அதிர்ந்து விழும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் மண் இருக்கும் இடமாகப் பார்த்து, கடப்பாரையை வைத்துத் திருகித் திருகி உள்ளே விட்டார். உருவினார். ஒன்றும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் திருகினார். முதலில் குழம்பாக மண் வந்தது, பிறகு காப்பி நிறத்தில் தண்ணீர் வந்தது. மணிக்கட்டுக் கனத்துக்கு வந்து வீட்டுக்குள் விழுந்து, மாதம்மாள் பாயைத் தூக்கிக்கொண்டு வாசல் வழியாகப் போனது. தண்ணீரை வீட்டைவிட்டு வெளியே அனுப்பிச் சம்பளம் வாங்கினவர்கள் நாங்கள். அன்றைக்கு வழி வெட்டி உள்ளே கூப்பிட்டோம்.

நடுவில் ஒன்று, இரண்டு ஓரத்திலும் ஒவ்வொன்று. மூன்றாவதைத் திருகும்போது கழி என் கையில் ஒரு தடவை சிலிர்த்தது. சொல்ல வாயெடுத்தேன். பிறகு நின்றுவிட்டது. 

அவர் சுவருக்கு எதிரே குந்திக்கொண்டார். "கலங்கலா வந்தா மண்ணக் கரைச்சுட்டு வருதுன்னு அர்த்தம். தெளிஞ்சு வந்தாப் பயமில்லை" என்றார். பொழுது சாய்வதற்குள் தண்ணீர் தெளியத் தொடங்கியது. கழியை மறுபடி வைத்துப் பார்த்தேன். வயிறு உள்ளே போகவில்லை, ஆனால் அதற்கு மேல் தள்ளவும் இல்லை. சுவர் நின்றுவிட்டது.

மழை விட்ட பிறகு பின்னால் சரிந்த மண்ணை அள்ளினோம். குப்புராசு வந்து சேர்ந்து, தன் சிமெண்டைத் தானே கொத்தி எடுத்தான். பாவம், அவன் பெண்டாட்டி பிள்ளை ஈரத்தில் கிடக்கக் கூடாது என்றுதான் அதைப் பூசினான். தணல் சட்டி நடுவில் வைத்து, வெயிலுக்குத் திறந்து, மேகத்துக்கு மூடி, அந்த வீட்டைக் காய வைத்தோம். மேஸ்திரி தினமும் வந்து கன்னம் வைத்துப் பார்ப்பார். இன்னும் இல்லை என்று போய்விடுவார். ஆறுமுகம் வீட்டில் மாதம்மாள் பிள்ளையோடு கோடை வரைக்கும் இருக்கும்படி ஆகிவிட்டது. மறுபடி மண் சரிந்தால் தண்ணீருக்கு ஒரு வழி வேண்டும், ஓட்டைகளை அடைக்க வேண்டாம், கிடக்கட்டும் என்று அவர்தான் சொன்னார்.

மாலை விஷயத்தைச் சொல்ல வேண்டும். இவர்களுக்கு மாலை போட்டுவிட்ட தலைச்சோலை குருசாமி விவரம் தெரிந்து மறுநாளே நடந்து வந்தார். நல்ல மனிதர். உயிரைக் காப்பாற்றப் போனது தோஷமில்லை, தலை முழுகிச் சரணம் சொல்லிக்கொண்டால் போதும், விரதம் நிற்கும், மலைக்கு வாருங்கள் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். ருக்கு அதைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எங்களுக்கும் நிம்மதியாக இருந்தது.

மேஸ்திரி தலைத் துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"வேண்டாமுங்க குருசாமி. அது ஈரத்து மேல வெள்ளையடிக்கற மாதிரிங்க. புள்ளைய எடுத்தது எடுத்ததுதானுங்க" என்றார்.

மாலையைக் கழற்றி எஸ்டேட் கோயிலில் வைத்துவிட்டார். ருக்கு வெகு நாள் அவரோடு பேசவில்லை. அடுத்த வருஷம் மறுபடி மாலை போட்டு, ஒரு குறையும் இல்லாமல் போய் வந்தார். அதற்கடுத்த வருஷமும் போனார். குழந்தை பிறக்கவில்லை. அன்றைக்கு விரதம் கெட்டதால்தான் என்று சிலர் அவர் காதுபடவே பேசினார்கள்.  ரொம்ப நாளைக்கு அப்புறம் ஒரு தடவை நானே வாய் பொறுக்காமல், "வருத்தம் இல்லீங்களா மேஸ்திரி?" என்று கேட்டேன். "இருக்குது பாவாயி" என்றார். அந்தப் பேச்சு அதோடு முடிந்துவிட்டது.

மாதம்மாள் பிள்ளைக்குச் செல்வி என்று பெயர் வைத்தார்கள். வருஷா வருஷம் ஐப்பசி மழைக்கு முன்னால் மேஸ்திரி ஒரு குடைக்கம்பியை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போவார். மூன்று ஓட்டையிலும் விட்டுக் குடைந்து, அடைத்த மண்ணை எடுத்துவிட்டு வருவார். அது கேங்க் வேலை இல்லை, அவர் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் போனார். செல்வி விவரம் தெரிந்த நாளிலிருந்து கம்பியை அவள்தான் வாங்கிக் குடைவாள், அவர் பக்கத்தில் குந்திக்கொண்டு பார்ப்பார். போகும்போது ருக்கு அவள் கையில் முறுக்கு கொடுத்து அனுப்புவாள்.

செல்வி தாவணி போட்ட பிறகு ஒரு வருஷம், எஸ்டேட் மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்குச் சில நாள் இருக்கும்போது மேஸ்திரி இறந்துபோனார். நெஞ்சுவலி. அடிவாரத்திலிருந்து அவர் அண்ணன் மகன் வந்து கொள்ளி வைத்து, காரியத்துக்கு நாள் குறித்துவிட்டுப் போனான். ருக்குவைத் தவிர மேஸ்திரிக்குச் சொந்தமென்று மலைமேல் யாரும் இல்லாததால், தீட்டுக்காக நோம்பியைத் தள்ளிப் போட வேண்டிய அவசியம் இல்லை என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். முறைப்படி சரிதான். எனக்கு மனசு கேட்கவில்லை, ஆனால் நானும் குளித்துவிட்டுப் போனேன்.

அந்த வருஷம் செல்வி முதல் தடவையாகப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தாள். பரீட்சைக்கோ எதற்கோ. மஞ்சள் சேலை வாங்கி, அதை என்னிடம் கொண்டுவந்து காட்டியும் இருந்தாள். மேளத்தோடு பெண்கள் குடம் எடுத்துக்கொண்டு கீழ் லைன் வழியாகப் போனோம். கடைசி வீட்டு வாசலில் செல்வி தலை பின்னாமல், பழைய பாவாடையோடு உட்கார்ந்திருந்தாள். பின்னால் மாதம்மாளும் குப்புராசும் உள்ளேயே நின்றார்கள்.

நான் கூட்டத்தை விட்டு விலகி அவளிடம் போனேன்.

"ஏங்கண்ணு, குடம் எடுக்க வரலையா?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். இது கூடத் தெரியாதா என்கிற மாதிரி பார்த்தாள்.

"எப்பிடீங்க அத்தை எடுக்கறது? எங்களுக்குத் தீட்டுங்களே. பதினாறு கழியட்டுங்க" என்றாள்.

மேளம் முன்னால் போய்விட்டது. நான் குடத்தை இறக்கி வைத்துவிட்டு அந்த வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். செல்வி எழுந்து உள்ளே போய், எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தாள்.